செல்போனுக்கு வருகிற வைஃபை லேப்டாப்புக்கு மட்டும் ஏன் வரவில்லை?

நீங்கள் கேட்டது இது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் கிராமம், வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு. மூன்று செல்போனும் டிவியும் நன்றாக ஓடுகின்றன. கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மகளின் லேப்டாப் மட்டும் வீட்டு வைஃபையில் சேர மாட்டேன் என்கிறது. ஒரு நாள் வைஃபையின் பெயரே பட்டியலில் இல்லை. இன்னொரு நாள் பெயர் வருகிறது, பாஸ்வேர்டு போட்டால் இணைக்க முடியவில்லை என்கிறது. எப்போதாவது சேர்ந்தாலும் இணையம் இல்லை என்று காட்டுகிறது. கடைக்காரர் வைஃபை கார்டு போய்விட்டது, 2,500 ரூபாய் ஆகும் என்கிறார். மைத்துனர் ரூட்டரை ரீசெட் செய், லேப்டாப்பை ஃபார்மட் அடி என்கிறார்.

இதற்கு நடுவே போகிற போக்கில் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். போன மாதம் லேப்டாப்பின் கீல் உடைந்து மாற்றினீர்கள். கொல்லைப்புற அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று பழைய ரூட்டர் ஒன்றைக் கேபிள் இழுத்து அங்கே போட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டு வரிதான் கண்ணில் நிற்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். ரூட்டரின் பின்பக்கம் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை, பக்கத்தில் ரீசெட் என்று எழுதியிருக்கும். அதைக் குத்தாதீர்கள். அந்தப் பெட்டிக்குள் உங்கள் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் இல்லை. இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தோடு பேசுவதற்கான பயனர் பெயர், அதற்கொரு கடவுச்சொல், இன்னும் சில எண்கள் என்று கேபிள்காரர் முதல் நாள் வந்து எழுதி வைத்தவை பல இருக்கும். பத்து விநாடி குத்திப் பிடித்தால் பல பெட்டிகளில் அத்தனையும் அழிந்துவிடும். ஒரு லேப்டாப்புக்கு இல்லாத நெட் வீட்டுக்கே இல்லாமல் போகும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் நானே ஜம்பமாகக் குத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன நெட், லைன்மேன் திங்கட்கிழமை மதியம் வந்த பிறகுதான் திரும்பியது. அந்த வீட்டு அம்மா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுவது வேறு. அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யுங்கள். ரீசெட் வேறு.

ஃபார்மட்டும் வேண்டாம். உள்ளே வயர் கழன்றிருந்தால் விண்டோஸைப் பத்து முறை புதிதாகப் போட்டாலும் கழன்றது கழன்றதுதான். பாப்பாவின் ப்ராஜெக்ட் ஃபைல்கள் போவதுதான் மிச்சம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் யாரும் மேட்டூருக்கு பஸ் ஏறுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நம் மடையிலிருந்து வாய்க்காலோடு மேலே நடக்கிறோம். பக்கத்து வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கிறோம். நின்றால் வாய்க்கால் சரி, நம் மடையில்தான் அடைப்பு. அங்கேயும் வறண்டு கிடந்தால் தலைப்பு வரைக்கும் போய் மதகு இறக்கியிருக்கிறதா என்று மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரைக் கேட்கிறோம். நெட் பார்ப்பதும் இதே நடைதான். தண்ணீர் எது வரை வந்து நின்றுவிட்டது என்பதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. உங்களுக்கு வந்த மூன்று செய்திகளும் மூன்று வெவ்வேறு இடத்தில் நிற்கும் தண்ணீர். மூன்றையும் ஒரே நோய் என்று நினைத்ததால்தான் ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள்.

பக்கத்து வயலைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. செல்போன் பொய் சொல்லும். வைஃபையில் சேர்ந்திருந்தும் அதில் நெட் வரவில்லை என்றால் பல போன்கள் சத்தம் போடாமல் சிம்மின் டேட்டாவுக்குத் தாவிவிடும். வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும், நாமும் வைஃபை நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். லேப்டாப்புக்கு சிம் கிடையாது, அதனால் அது மட்டும் உண்மையைச் சொல்லிக் கெட்ட பேர் வாங்குகிறது. ஆகையால் மூன்று செல்போனிலும் மொபைல் டேட்டாவை அணையுங்கள். மகள் எந்த இடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறக்கிறாளோ அதே இடத்தில், குறிப்பாகக் கொல்லைப்புற அறையில், போனை வைத்துப் பாருங்கள். அப்போதும் ஓடினால்தான் வைஃபை சரி.

மொத்த வீட்டுக்கும் நெட் இல்லை, பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னுகிறது என்றால் அது உங்கள் வேலையே இல்லை. ஒளி பெட்டி வரைக்கும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் லோடு தெருவில் போகிற மாதங்களில் இது வாரத்துக்கு ஒன்று நடக்கும். தாழத் தொங்கும் கேபிளை லோடு இழுத்துக்கொண்டு போய்விடும். கேபிள்காரருக்குப் போன் போடுவதைத் தவிர வழியில்லை. உங்களுக்கு அது இல்லை, விட்டுவிடலாம்.

அடுத்த சோதனைதான் முக்கியமானது, காசு செலவில்லாதது. ஒரு செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் சேருங்கள். முதலில் போனை லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு. சேர்ந்து, பக்கங்கள் திறந்தால் வைஃபை கார்டுக்கு உயிர் இருக்கிறது. 2,500 ரூபாயைப் பையிலேயே வைத்திருங்கள். பிறகு போனை எடுத்துக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்கு, ஓர் இருபதடி நடந்து போங்கள். நடுவில் சுவர் இருக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும்போது நாலு கோடு காட்டிய லேப்டாப் இருபதடியில் ஒரு கோட்டுக்கு இறங்கினாலோ, ஹாட்ஸ்பாட்டின் பெயரே மறைந்தாலோ, விடை கிடைத்துவிட்டது. அது கீல் மாற்றிய கதை.

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பச்சைப் பலகை, ஒற்றைத் திருகில் நிற்கும். அதுதான் வைஃபை கார்டு. அதன் ஓரத்தில் கடுகு அளவுக்கு இரண்டு பித்தளைப் பொட்டுகள். வாழைநார் கனத்தில் இரண்டு வயர், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை அல்லது சாம்பல், அந்தப் பொட்டுகளில் மாட்டியிருக்கும். அந்த வயர்கள் கார்டிலிருந்து புறப்பட்டு, கீல் வழியாக நுழைந்து, திரையின் ஓரமாக மேலே ஏறுகின்றன. லேப்டாப்பின் ஆன்டெனா பெரும்பாலும் திரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. கீலை மாற்றுகிறவர் பெரும்பாலும் இந்த வயரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். திரும்ப மாட்டும்போது பொட்டின் மேல் நேராக வைத்து அழுத்தினால் டக் என்று ஒரு சின்னச் சத்தம் விரலுக்குத் தெரியும். அவசரத்தில் மேலோட்டமாக வைத்து மூடிவிட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், பஸ்ஸில் ஒரு குலுக்கல் குலுக்கியதும் கழன்றுகொள்ளும். இன்னும் மோசம், வயர் கீலுக்கு நடுவே மாட்டி, திரையைத் திறந்து மூட மூட நசுங்குவது. அப்போது திரையை ஒரு கோணத்தில் வைத்தால் வைஃபை வரும், சாய்த்தால் போகும். மகளை ஒருமுறை மெதுவாகத் திரையை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதுதான் என்றால் கீல் மாற்றிய அதே ஆளிடம் போய், ஆன்டெனா வயரைப் பார்த்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். வைஃபை வரவில்லை என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கார்டு போய்விட்டது என்பார். கழன்றிருந்தால் பத்து நிமிட வேலை. அறுந்திருந்தால் ஆன்டெனா ஜோடி மாற்ற வேண்டும். அதற்கும் நேரமில்லை, மகள் அடுத்த வாரமே கிளம்புகிறாள் என்றால் யுஎஸ்பியில் செருகும் குட்டி வைஃபை ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அழகாக இருக்காது, வேலை நடக்கும்.

இருபதடியிலும் கோடு குறையவில்லை, ஹாட்ஸ்பாட் நன்றாகவே வருகிறது, ஆனால் வீட்டு வைஃபையின் பெயர் மட்டும் சில நாள் காணவில்லை என்றால் வேறு கதை. (விமானப் படம் போட்ட பட்டன் தவறுதலாக அழுந்தியிருந்தால் எந்தப் பெயருமே வராது. அதைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.)

இப்போது வருகிற பெட்டிகள் இரண்டு அலைவரிசையில் பேசுகின்றன: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். பழைய லேப்டாப்பாக இருந்தால், குறிப்பாகப் பத்து வருடத்துக்கு முன்பு குறைந்த விலையில் வாங்கியதாக இருந்தால், அதன் கார்டு 2.4 மட்டுமே கேட்பதாக இருக்கலாம். அப்படியானால் 5 அதன் காதிலேயே விழாது. வீட்டில் யாராவது வேகம் கூடும் என்று 2.4-ஐ அணைத்திருந்தால் போன்களெல்லாம் 5-ல் பறக்கும், லேப்டாப்புக்கு அந்த வீட்டில் வைஃபையே இல்லாத மாதிரி இருக்கும். இன்னொன்று, 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோப்ளாங்கி. நம் பக்கத்துப் பழைய வீடுகளை யோசித்துப் பாருங்கள். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று நீளவாக்கில் ரயில் பெட்டி மாதிரி போகும். சுண்ணாம்புக் காரை போட்ட சுவர் ஒன்றரை அடி கனம். கேபிள்காரர் கம்பத்திலிருந்து வயர் எங்கே நுழைகிறதோ அங்கேயே, வாசல் பக்கம் ஆணியடித்துப் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். நடுவில் ஒரு இரும்பு பீரோ. கொல்லைப்புற அறைக்கு எட்டாததில் ஆச்சரியமே இல்லை. ஐப்பசி கார்த்திகையில் சுவர் ஈரம் குடித்துவிட்டால் இன்னும் மோசம், ஈரம் அலையை விழுங்கும்.

இன்னொரு சூட்சுமம் இருக்கிறது, சில நாள் பெயர் வருகிறது, சில நாள் வரவில்லை என்று நீங்கள் சொன்னதற்கு மிகவும் பொருந்துவது. 2.4-க்குள் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. இந்தியாவில் 13 வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான். அமெரிக்கக் கணக்கில் அமைக்கப்பட்ட சில லேப்டாப் கார்டுகள் 12, 13-ஐத் திரும்பிக்கூடப் பார்க்காது. பெட்டியோ சேனலை ஆட்டோவில் வைத்திருக்கும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் எது காலியோ அதற்கு மாறிக்கொள்ளும். 13-ல் போய் உட்கார்ந்த அன்று போன்களுக்கு ஒன்றும் தெரியாது, லேப்டாப்புக்கு மட்டும் வைஃபை மாயமாகிவிடும். மறுபடி கரண்ட் போய் வந்தால் 6-க்கு வரும், தானாகச் சரியாகிவிட்டது என்று நினைப்போம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்டை நிறுத்துகிற நாளோடு இதைப் பொருத்திப் பாருங்கள்.

இதைச் சரிசெய்யப் பெட்டியின் உள்பக்கம் போக வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. செல்போனை வைஃபையில் சேர்த்து, ப்ரௌசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். பெரும்பாலான பெட்டிகள் இந்த எண்ணில் திறக்கும், திறக்காவிட்டால் பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள், நுழைவதற்கான பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். வைஃபை பகுதியில் 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள், 5-க்குக் கடைசியில் ஒரு 5 சேர்த்தால் போதும். 2.4-ன் சேனலை ஆட்டோவிலிருந்து எடுத்து 1, 6, 11 மூன்றில் ஒன்றாக நிறுத்துங்கள். பக்கத்து வீட்டில் 6 என்றால் நீங்கள் 1 அல்லது 11. இந்த மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் ஓடுபவை. வேறு எதையும் தொடாமல் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள்.

இனி இரண்டாவது செய்தி: பெயர் வருகிறது, சேர முடியவில்லை. இதில் பாஸ்வேர்டு தப்பு என்பதுதான் பாதிக்கு மேல். தப்பாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள், தப்பாக விழுந்திருக்கும். லேப்டாப்பில் தமிழ் தட்டச்சு வைத்திருக்கிறவர்களுக்கு இது சகஜம். தமிழ்99-ல் ஏதோ எழுதிவிட்டு அதே நிலையில் பாஸ்வேர்டு கட்டத்துக்கு வந்தால் ஆங்கில எழுத்தை அடிப்பதாக நாம் நினைப்போம், உள்ளே விழுவது வேறு. புள்ளி புள்ளியாகத்தான் தெரியும் என்பதால் கண்டுபிடிக்கவும் முடியாது. வைஃபை பாஸ்வேர்டு என்பது 8 முதல் 63 வரையான ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும்தான், தமிழ் எழுத்து அங்கே செல்லாது. பாஸ்வேர்டு அடிக்கும் கட்டத்தின் ஓரத்தில் கண் படம் இருக்கும், அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்ன விழுந்திருக்கிறது என்று படியுங்கள். சின்ன லேப்டாப்களில் நம்லாக் போட்டிருந்தால் யு, ஐ, ஓ அடிக்கும் இடத்தில் 4, 5, 6 விழுவதும் உண்டு.

பாஸ்வேர்டை எப்போதாவது மாற்றியிருந்தால் லேப்டாப் பழையதையே நெஞ்சில் வைத்துக்கொண்டு முட்டிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் தெரிந்த நெட்வொர்க்குகள் பட்டியலுக்குப் போய், உங்கள் வைஃபை பெயரில் ஃபர்கெட் என்பதை அழுத்தி மறக்கச் சொல்லிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். அப்படியும் சேராவிட்டால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 என்ற முறை 2018-ல் வந்தது. பெட்டியில் அது மட்டும் போட்டிருந்தால் பழைய கார்டுகள் வாசலிலேயே நிற்கும். டபிள்யூபிஏ2, அல்லது 2-ம் 3-ம் கலந்தது என்று மாற்றினால் உள்ளே வந்துவிடும். வீட்டு உபயோகத்துக்கு டபிள்யூபிஏ2 போதும், பாஸ்வேர்டு நீளமாக இருந்தால்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே, இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். மகள் பிளஸ் டூ படித்த வருடம், பரீட்சை நேரத்தில் யூடியூப் பார்க்கிறாள் என்று ரூட்டரின் ஆப்பில் போய் அந்த லேப்டாப்பைத் தடுத்து வைத்தீர்களா? தடுத்த அப்பாவே மறந்துபோய் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்த சம்பவம் இரண்டு நடந்திருக்கிறது. தடுத்த கருவிகளின் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது செய்தி, சேர்ந்தும் இணையம் இல்லை. இங்கேதான் உங்கள் கொல்லைப்புற ரூட்டர் வருகிறது.

வைஃபையில் சேருகிற ஒவ்வொரு கருவிக்கும் பெட்டி ஓர் எண் கொடுக்கிறது, ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பது போல. அதோடு, வெளியே போக யாரிடம் கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது, அதை டீஃபால்ட் கேட்வே என்பார்கள். இந்த இரண்டு எண்ணையும் பார்த்தாலே எனக்கு முக்கால்வாசி தெரிந்துவிடும். லேப்டாப் சேர்ந்திருக்கும்போது சிஎம்டி (cmd) என்று தேடினால் வருகிற கறுப்பு சன்னலைத் திறந்து, ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். வைஃபை என்ற தலைப்பின் கீழே ஐபிவி4 என்று ஓர் எண்ணும் டீஃபால்ட் கேட்வே என்று ஓர் எண்ணும் இருக்கும்.

எண் 169.254 என்று தொடங்கினால் லேப்டாப் டோக்கன் கேட்டது, யாரும் கொடுக்கவில்லை, தானாக ஓர் எண்ணை எழுதிக்கொண்டது என்று பொருள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது. பொங்கலுக்கு இது அதிகம் வரும். சென்னை, பெங்களூர், திருப்பூர் என்று வேலைக்குப் போனவர்கள் எல்லாம் ஒரே வீட்டில் இறங்குவார்கள். ஆளுக்கு ஒரு போன், சிலருக்கு இரண்டு, குழந்தைகளுக்கு டேப்லெட். பெட்டியில் டோக்கன் வரம்பை இருபது என்று சின்னதாக வைத்திருந்தால் இருபத்தொன்றாவதாக வந்த லேப்டாப்புக்குக் கையை விரித்துவிடும். போகிப் பண்டிகை அன்று சேர்ந்துவிட்டு மறுநாளே ஊருக்குக் கிளம்பிப்போன மாமாவின் போனுக்குக்கூட, கெடு முடியும் வரை, பல பெட்டிகளில் ஒரு நாள், டோக்கன் ஒதுக்கியே இருக்கும். பெட்டியை அணைத்துப் போட்டால் உடனடி நிவாரணம் கிடைக்கலாம். டோக்கன் கொடுக்கும் வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர், அந்தப் பகுதியில் வரம்பை 2-லிருந்து 200 வரை என்று பெரிதாக்கினால் அடுத்த பொங்கலுக்கும் தாங்கும்.

எண் 192.168 என்று ஒழுங்காக இருந்தும் நெட் இல்லை என்றால் கேட்வேயைப் பாருங்கள். நன்றாக ஓடுகிற செல்போனில், வைஃபை விவரத்தில், கேட்வே 192.168.1.1 என்றும் லேப்டாப்பில் 192.168.0.1 என்றும் இருந்தால் பிடித்துவிட்டோம். வீட்டில் இரண்டு பேர் டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய ரூட்டர் தன்னை இன்னும் வீட்டுத் தலைவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே போக என்னைக் கேள் என்று லேப்டாப்பிடம் சொல்கிறது, அதற்கோ வெளியே போக வழியில்லை. யார் முந்திப் பதில் சொல்கிறார்களோ அவர்கள் தருவதை லேப்டாப் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் எப்போதாவது வருகிறது, எப்போதாவது வரவில்லை. இரண்டு பெட்டிக்கும் ஒரே 192.168.1.1 என்றால் இன்னும் கூத்து. ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடு, தபால்காரர் என்ன செய்வார்?

திருத்துவது இப்படி. பழைய ரூட்டரிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, அதன் வைஃபையில் மட்டும் லேப்டாப்பைச் சேர்த்து, அதன் பக்கத்தைத் திறங்கள். ஆக்சஸ் பாயின்ட் என்று ஒரு முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் இரண்டு மாற்றம். முதலில் அதன் சொந்த எண்ணைப் பெரிய பெட்டி யாருக்கும் கொடுக்காத ஓர் எண்ணாக, உதாரணமாக டோக்கன் வரம்பு 200-ல் முடிந்தால் 192.168.1.250 என்று, மாற்றிச் சேமியுங்கள். பிறகு அந்தப் புது எண்ணிலேயே மறுபடி நுழைந்து டிஹெச்சிபியை அணையுங்கள். அப்புறம் வாசல் பெட்டியிலிருந்து வரும் கேபிளைப் பழைய ரூட்டரின் லேன் என்று எழுதிய ஓட்டைகளில் ஒன்றில் செருகுங்கள். தனி நிறத்தில் வேன் என்று ஒன்று இருக்கும், அது காலியாகவே இருக்கட்டும். இதைத்தான் பலர் மாற்றிச் செய்துவிட்டு ரூட்டரைத் திட்டுகிறார்கள்.

அந்தக் கேபிள் கூரையோடு வெளியே போகிறதா, வீட்டுக்குள்ளேயே போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வெளியே என்றால், வடகிழக்குப் பருவமழையில் இடி இடிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள், இடி இடிக்கும்போது தொடாதீர்கள். கண்ணாடி இழையில் மின்னல் பாயாது, செம்புக் கம்பியில் பாயும். முற்றத்துக்கு மேலே இழுத்த கேபிளால் லேன் ஓட்டைகள் கருகிப்போன பெட்டிகள் வருடா வருடம் ஐப்பசியில் என் மேசைக்கு வருகின்றன.

எண்ணும் சரி, கேட்வேயும் சரி, இன்னும் நெட் இல்லை என்றால் விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். சில கல்லூரிகளில் நெட் பார்க்க லேப்டாப்பில் ப்ராக்ஸி என்று ஒன்றை, அதாவது நெட்டுக்கு நடுவில் நிற்கும் காவலரை, அமைக்கச் சொல்வார்கள். அது வீட்டுக்கு வந்தும் அப்படியே இருந்தால் இங்கே இல்லாத அந்தக் காவலரிடம் லேப்டாப் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் ப்ராக்ஸியைத் திறந்து, கையால் போட்டது எதுவானாலும் அணையுங்கள். ஐபி எண்ணைக் கையால் போட்டிருந்தாலும் தானியங்கிக்கு மாற்றுங்கள். நெட்டை வேறொரு வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் இருந்தால் நிறுத்துங்கள். லேப்டாப்பின் தேதியையும் பாருங்கள்: பல மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்த லேப்டாப் எழுந்திருக்கும்போது தேதி பல வருடம் பின்னால் போயிருக்கலாம், அப்போது பாதுகாப்பான தளங்கள் எதுவும் திறக்காது.

டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள், பற்றி எல்லாரும் முதலில் பேசுவார்கள், நான் கடைசியில்தான் பேசுவேன். ஹாட்ஸ்பாட்டில்கூடச் சேரவில்லை என்றால் மட்டும் அது. முதலில் ஷட்டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 8-லிருந்து ஷட்டவுன் என்பது பல லேப்டாப்களில் முழுத் தூக்கம் இல்லை, அரைத் தூக்கம். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக எழுப்பும். வைஃபை என்ற பட்டனே காணாமல் போயிருந்தால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுப் போடுங்கள். கேட்க மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் உறைந்துபோன கார்டு பல தடவை இதில் எழுந்துகொள்ளும். அதற்கும் மசியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் மேல் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தக் கார்டை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், விண்டோஸ் திரும்பப் போட்டுக்கொள்ளும். புது டிரைவர் இறக்க நெட் வேண்டுமே என்றால் செல்போனை யுஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் போடுங்கள், அதற்கு வைஃபை தேவையில்லை. கார்டு அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றால் அப்போது கடைக்காரர் சொன்னதைப் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் விஷயத்தில் நான் கையை வைத்தால் முதலில் கொல்லைப்புற ரூட்டரின் கரண்டைப் பிடுங்கிவிட்டு ஒரு நாள் முழுக்க வாசல் பெட்டியை மட்டும் வைத்துப் பார்ப்பேன். அன்றைக்கு இணையம் இல்லை என்ற செய்தி வராமல் போனால் அந்தக் கணக்கு தீர்ந்தது. பெயர் காணாமல் போவது மட்டும் தொடர்ந்தால் ஹாட்ஸ்பாட்டோடு இருபதடி நடந்து பாருங்கள். இரண்டும் செய்துவிட்டு, பக்கத்தில் எத்தனை கோடு, இருபதடியில் எத்தனை கோடு, ஐபிவி4 எண் 169-ஆ 192-ஆ, கேட்வே என்ன என்று இந்த நாலை மட்டும் எழுதுங்கள். லேப்டாப்பின் மாடல் எண்ணும் வாங்கிய வருடமும் தெரிந்தால் கார்டு 5-ஐக் கேட்குமா என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.